ஹவாய்த் தீவின் எரிகுழம்புக் குகைகள்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே, எந்தக் கண்டத்தின் கரையிலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில், ஹவாய்த் தீவுக் கூட்டம் அமைந்துள்ளது. அத்தீவுகளுள் மிகப் பெரியதும் தென்கோடியில் இருப்பதுமான ஹவாய்த் தீவு ஏறத்தாழ மும்பை நகரின் அட்சரேகையிலேயே கிடக்கிறது. கடற்கரையையும் தென்னஞ் சோலைகளையும் நாடி அங்கு விடுமுறை கழிக்கச் செல்வோர் பலர். அவர்களுள் ஒரு பகுதியினர் கடலை விட்டு மலைப் பக்கம் திரும்பி, பெரணி மரங்கள் அடர்ந்த காட்டிடையே தரை வாய் பிளந்து கிடக்கும் பள்ளங்களில் படி வழியே இறங்குகின்றனர். கீழே இருள் சூழ்ந்த, வளைந்து செல்லும் நீண்ட மண்டபம் ஒன்று தென்படுகிறது. இரயில் வண்டிச் சுரங்கம் போல் வட்டமாக வளைந்த கூரை, வழுவழுப்பான சுவர்கள், சமதரை. மனிதர் வெட்டியதோ என்று ஐயுறும்படி அது அமைந்திருக்கும்.

இதனைக் குடைந்தது எது என்னும் கேள்வி முதலில் எழுவது இயல்பே. நமது நாட்டிற் குகை என்றதும் இரு வகைகள் நினைவுக்கு வரும். ஆந்திரப் பிரதேசத்திலுள்ள போரா குகைகளும் மேகாலய மாநிலத்துக் குகைகளும் சுண்ணாம்புப் பாறையை மழைநீர் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கரைத்ததால் ஏற்பட்டவை. அஜந்தா, எல்லோராக் குகைகளோ எரிமலைப் பாறையில் மனிதன் உளிகொண்டு செதுக்கியவை. ஹவாய்க் குகைகள் இவ்விரு வகையிலும் சேரா. அவற்றை நீரும் குடையவில்லை, உளியும் குடையவில்லை. பாறை குழம்பாக ஓடிய காலத்திலேயே, அதாவது பாறை பிறந்த அதே வேளையிலேயே, குகையும் உடன் பிறந்தது. சுண்ணாம்புக் குகைக்கு யுகங்கள் தேவைப்பட, எரிகுழம்புக் குகைக்குச் சில வாரங்களோ மாதங்களோ போதுமானவை.

குழாய் அமையும் விதம்

ஹவாய் எரிமலைகள் கக்கும் குழம்பு பசால்ட் என்னும் கரும்பாறையின் உருகிய நிலை. நமது தக்காணப் பீடபூமியை ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மூடிய குழம்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இது தண்ணீர் போல் அல்லாவிடினும், மற்ற எரிகுழம்புகளை நோக்க மிக இளகியது. வெளிவரும்போது இதன் உஷ்ணம் ஏறக்குறைய 1,150 டிகிரி சென்டிகிரேட். உறைந்தபின் மேற்பரப்பு வழுவழுப்பாகவோ கயிறு முறுக்கியது போலவோ இருப்பின் அதனைப் பஹோயிஹோயி என்றும், கரடுமுரடான துண்டங்களாகக் குவிந்திருப்பின் ஆஆ என்றும் ஹவாய் மக்கள் அழைத்தனர். அச்சொற்களையே உலகெங்குமுள்ள நிலவியல் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டனர். குகைகள் பெரும்பாலும் முதல் வகைக் குழம்பிலேயே தோன்றுகின்றன.

குழம்பு ஓடத் தொடங்கியதும், காய்ச்சிய பாலின்மேல் ஏடு படிவதுபோல், காற்றுப்பட்ட மேற்பரப்பு சில நிமிடங்களில் தோல்கட்டிவிடுகிறது. வாய்க்கால் போல் ஓடும் குழம்பில் இத்தோல் இருகரைகளிலிருந்தும் நடுவை நோக்கி வளர்ந்து இறுதியில் ஒன்றுகூடி மூடிக்கொள்ளும். சமவெளியில் பரந்து மெல்ல நகரும் குழம்பிலோ, தோலுக்குள் அகப்பட்ட குழம்பு முன்விளிம்பை உடைத்துக்கொண்டு சிறிது தூரம் ஓடி, மறுபடி தோல்கட்டி, மறுபடி உடைத்து, இங்ஙனம் உள்ளே ஒரு பாதையை அமைத்துக்கொள்கிறது. எரிமலை வாய் அடங்கி வரத்து நின்றதும், சரிவில் எஞ்சிய குழம்பு வடிந்துபோகக் கூடு மட்டும் நிற்கிறது. அந்த வெற்றுக் கூடே குகை.

வகுப்பில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தியைச் சற்றுச் சாய்த்து நிறுத்தினால் போதும். வழியும் மெழுகின் மேற்புறம் வெண்மையாக உறைந்தபின், பல வேளைகளில் புது மெழுகு அவ்வுறையின் கீழாகவே நழுவி நுனியில் வந்து துளிர்ப்பதைக் காணலாம். தோல் எங்கே முதலில் கட்டுகிறது, ஏன் அங்கே என்று மாணவரையே கேட்பது, வரைபடம் காட்டுவதினும் பயன் தரும்.

கூரை செய்த வேலை

இக்குகைகளை வெறும் வேடிக்கைப் பொருளாக எண்ணுவது பிழை. எரிமலைச் சரிவில் வாழும் மக்களுக்கு இவை உயிர்ப் பிரச்சினையாகும். திறந்த வாய்க்காலில் ஓடும் நீர் வழியிலேயே குறைய, மூடிய குழாயில் ஓடும் நீர் கடைமடை வரை குறையாமல் சேர்வது களப்பணியாளர் அறிந்ததே. எரிகுழம்புக்கும் இது பொருந்தும். இங்கு வீணாகாமற் காக்கப்படுவது நீரன்று, வெப்பம். பாறை வெப்பத்தை மிக அரிதாகவே கடத்துமாதலால், கூரை மூடியபின் உள்ளே ஓடும் குழம்பு ஒரு கிலோமீட்டர் தூரத்திற்கு ஏறத்தாழ ஒரு டிகிரி உஷ்ணத்தையே இழக்கிறது. எனவே ஊற்றுவாயிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சென்ற குழம்பும், புறப்பட்டபோது இருந்த இளக்கத்தோடு ஏறக்குறைய அப்படியே வந்து சேரும். திறந்த வெளியில் ஓடியிருந்தால் பாதி வழியிலேயே தடித்து நின்றிருக்கக்கூடும்.

1990-ஆம் ஆண்டில் கலபனா என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு நேர்ந்தது இதுவே. 1983-இல் தொடங்கிய கிலாவேயா எரிமலையின் நீண்ட கொந்தளிப்பில், குழம்பு குழாய்கள் வழியே கடலோரம் வரை வந்து, அவ்வூரின் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைப் புதைத்தது. பெருவெள்ளம் போல் அது பாயவில்லை. மனிதன் நடக்கும் வேகத்தினும் மெதுவாகவே வந்தது. ஆனால் மாதக்கணக்கில் ஓயாமல் வந்துகொண்டேயிருந்தது.

இதற்கு நூறாண்டுகளுக்கு முன் ஹீலோ நகரம் இதே ஆபத்தை எதிர்கொண்டது. மௌனா லோவா எரிமலையில் 1880 நவம்பரில் கிளம்பிய குழம்பு, குழாய் அமைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ஒன்பது மாதங்களில் நகரின் விளிம்பை எட்டியது. அரச குலத்தைச் சேர்ந்த இளவரசி ரூத் கேயெலிகோலானி அங்கு வந்து எரிமலைத் தெய்வமாகிய பேலேக்குக் காணிக்கை செலுத்தினார் என்பதும், 1881 ஆகஸ்டில் குழம்பு நின்றது என்பதும் அத்தீவின் வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. நின்ற இடம் இன்று நகர எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அக்குழம்பை நகருக்குக் கொணர்ந்த குழாய்களுள் ஒன்று இப்போது கௌமனா குகை என்ற பெயரில் பொதுப் பூங்காவாக விளங்குகிறது. விடுமுறைக்கு வந்தோர் குழந்தைகளுடன் படியிறங்கிப் பார்க்கும் அச்சுரங்கம், ஒரு நகரை அழிக்க வந்த வழி என்பதை அவர்களுள் எத்தனை பேர் உணர்வரோ!

1935 நவம்பரில் மௌனா லோவா மீண்டும் கொந்தளித்துக் குழம்பு ஹீலோவை நோக்கித் திரும்பியது. கிலாவேயாவில் எரிமலை ஆராய்ச்சி நிலையத்தை 1912-இல் நிறுவிய தாமஸ் ஜாகர் ஒரு யோசனை கூறினார். குழாயின் கூரையே குழம்பை நெடுந்தூரம் செல்லவைக்கிறது. ஆகவே கூரையைத் தகர்த்துவிட்டால் உள்ளிருக்கும் குழம்பு வெளியே வழிந்து ஆறிவிடும் அன்றோ? டிசம்பர் 27-ஆம் நாள் இராணுவ விமானங்கள் குண்டு வீசின. சில நாட்களில், அதாவது 1936 ஜனவரித் தொடக்கத்தில், குழம்பு நின்றது. ஜாகர் அதனைத் தமது முறையின் வெற்றியாகக் கருதினார். எரிமலையின் ஊற்றே அப்போது வற்றிவிட்டது என்றும், குண்டுகளுக்கு அதில் பங்கில்லை என்றும் பிற்கால அறிஞர் பலர் கூறுகின்றனர். அவர் யோசனையின் தத்துவம் சரியானதே. ஆயினும் ஒரே ஒரு முறை நிகழ்ந்ததைக் கொண்டு காரணத்தை நிலைநாட்ட இயலாது என்பதற்கு, விஞ்ஞான ஆசிரியர்கள் எடுத்துக்காட்டத்தக்க நல்ல உதாரணம் இது. அன்று வீசப்பட்டவற்றுள் சில குண்டுகள் இன்றும் குளிர்ந்த பாறையில் பதிந்து கிடக்கின்றன.

உள்ளே காணப்படுவன

உலகில் அளந்தறியப்பட்ட எரிகுழம்புக் குகைகளுள் மிக நீண்டது கிலாவேயாவின் கிழக்குச் சரிவிலுள்ள கஸுமுரா குகை. அதன் நீளம் 65 கிலோமீட்டருக்கு மேற்பட்டது; மேல்கோடிக்கும் கீழ்க்கோடிக்கும் உள்ள உயர வேறுபாடு 1,100 மீட்டர்.  முழுவதும் தரைக்கடியிலேயே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஒரே எரிகுழம்புப் பெருக்கின் வழி அது.

இக்குகைச் சுவரில் நீளவாட்டில் செல்லும் வரிகளும் திண்ணைகளும் காணப்படும். அவை, குளத்துப் படித்துறையில் நீர் குறைந்துகொண்டே வந்த அடையாளம் போன்று, குழம்பின் மட்டம் எவ்வெவ்வுயரத்தில் தங்கி நின்றது என்பதைக் காட்டுவன. வெகுநாள் ஓடிய குழம்பு தன் அடித்தரையையே உருக்கியும் அரித்தும் ஆழப்படுத்துவதுண்டு. கஸுமுராவில் சில இடங்களில் அது அருவியாகவே விழுந்திருக்கிறது. உறைந்த அவ்வருவிகளுள் உயர்ந்தது பதின்மூன்று மீட்டருக்கு மேற்பட்டது. அதன் அடியில், நீரருவியின் கீழ் உண்டாவது போன்ற மடுவும் காணப்படுகிறது.

கூரையிலிருந்து விரலளவும் சாணளவும் தொங்கும் கற்கூம்புகள் பார்ப்பவர் கையை இழுப்பவை. சுண்ணாம்புக் குகையிலும் இத்தகைய தொங்கல்கள் உள. ஆனால் அவை நீர் சொட்டுந்தோறும் இன்றும் வளர்பவை. எரிகுழம்புக் குகையின் தொங்கலோ, கூரை உருகிச் சொட்டிய அந்தச் சில நாட்களில் உண்டாகி உறைந்தது. ஒன்றை ஒடித்தால் அவ்விடத்தில் இனி எக்காலத்தும் மற்றொன்று தோன்றாது. நினைவுப் பொருளாகப் பைக்குள் போட்டுக்கொண்டு போகப்பட்டவை எத்தனையோ. எளிதில் சென்றடையக்கூடிய குகைகளின் கூரைகள் பெரும்பாலும் மொட்டையாக நிற்பதே அதற்குச் சான்று.

கூரை எங்கும் உறுதியாக நிற்பதில்லை. குழம்பு ஓடும்போதே சில இடங்களில் அது இடிந்து சாளரம் போல் திறந்துகொள்ளும். வெறுமையானபின் வேறு சில இடங்களில் இடியும். பார்வையாளர் இறங்கும் வாயில்கள் பலவும் இத்தகைய இடிபாடுகளே. நிறை குறைந்த உலகங்களில் கூரை தாங்கும் அகலமும் மிகுதி. சந்திரனில் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கே. நமது சந்திரயான்-1 விண்கலம் 2008-இல் அனுப்பப்பட்டு எடுத்த படங்களை ஆராய்ந்த அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர், அங்கே இடியாமல் புதைந்திருக்கும் ஒரு குழாயை 2011-இல் சுட்டிக்காட்டினர். அதன் அகலம் ஏறத்தாழ 360 மீட்டர் என மதிப்பிடப்பட்டது. கதிரியக்கமும் விண்கற்களும் கடும் வெப்பமும் கடுங்குளிரும் தாக்காத வசிப்பிடமாக இத்தகைய குழாய்கள் பயன்படக்கூடும் என்ற எண்ணம் அறிஞரிடையே இருந்து வருகிறது.

வேரை நம்பி வாழும் உயிர்கள்

நெடுங்காலம் இக்குகைகளில் உயிர்கள் இருக்குமென எவரும் கருதவில்லை. தீவுகள் இளமையானவை, குகைகள் அதனினும் இளமையானவை, இருளுக்கேற்பக் கண்ணிழந்து மாறுவதற்கு உயிரினங்களுக்குக் காலம் போதாது என்பதே அன்றைய முடிவு. 1971-இல் பிரான்சிஸ் ஹவார்த் என்னும் பூச்சியியல் அறிஞர் ஒரு குகையினுள் நுழைந்து தேடியபோது அம்முடிவு பொய்த்தது. நிறமற்ற, கண்ணற்ற பூச்சிகளும், அவற்றைப் பிடித்துண்ணும் சிலந்திகளும் அங்கே வாழ்ந்தன. இவை உலகில் வேறெங்கும் இல்லாதவை.

சூரிய ஒளி புகாத இடத்தில் இவற்றுக்கு உணவு எங்கிருந்து வருகிறது? விடை கூரையிலேயே தொங்குகிறது. புதிய எரிகுழம்புப் பாறைமேல் முதன்முதலில் முளைத்து வளரும் மரம் ஒஹியா. செந்நிறப் பூங்கொத்துகளையுடைய இது நம் நாவல் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்கள் பாறை வெடிப்புகள் வழியே நீரைத் தேடி இறங்கி, குகைக் கூரையிலிருந்து திரைச்சீலை போல் தொங்குகின்றன. தத்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த கண்ணற்ற சிறுபூச்சி ஒன்று அவ்வேரின் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. நம் நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சிக்கு இது தூரத்து உறவு எனலாம். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று காண இயலாதாகையால், உடலை அதிரச் செய்து அவ்வதிர்வை வேர் வழியே அனுப்பி அழைக்கின்றன. வேர், உணவாகவும் தந்திக் கம்பியாகவும் பயன்படுகிறது.

கௌவாயி என்னும் மற்றொரு தீவில், கோலோவா வட்டாரத்துச் சில குகைகளில் மட்டும் வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று உண்டு. அதன் குடும்பத்தினர் பெருங்கண்களுக்குப் பெயர் பெற்றவர். அதற்கோ கண்களே இல்லை. 1973-இல் விவரிக்கப்பட்ட இவ்வினம், அழியும் தறுவாயிலுள்ளது என்று 2000-ஆம் ஆண்டில் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

இவ்வுயிர்கள் ஈரக் கசிவு மாறாத காற்றிலேயே பிழைக்கக்கூடியவை. மேலே காடு வெட்டப்பட்டால் வேர் அற்றுப்போகும். வேர் அற்றால் உணவும் அற்றுவிடும். குகையைத் தொடாமலேயே குகையைக் கொன்றுவிட முடியும். இது வெறும் ஊகமன்று. 2014-ஆம் ஆண்டு முதல், ஒஹியா மரங்களை விரைவில் பட்டுப்போகச் செய்யும் பூசண நோய் ஒன்று ஹவாயில் அறியப்பட்டு, ஏராளமான மரங்களை அழித்துள்ளது. நோயுற்ற மரத்தின் தூளும் அது கலந்த மண்ணும் காலணியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிச் செல்லக்கூடியவை.

மக்களும் குகைகளும்

நீர் அரிதான தீவின் மேற்குப் பகுதிகளில் பண்டைய ஹவாய் மக்கள் குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைச் சுரைக் குடுக்கைகளில் ஏந்திச் சேகரித்தனர். போர்க்காலத்தில் சில குகைகள் ஒளிவிடங்களாயின. பல குகைகள் முன்னோரின் எலும்புகளை வைத்துக் காக்கும் இடங்களாக விளங்கின. இன்றும் அவற்றை அம்மக்கள் புனிதமாகவே கருதுகின்றனர். 1960-களில் அமெரிக்க அரசினர் கஸுமுராவின் ஒரு பகுதியை அணுகுண்டுப் போர் மூண்டால் மக்கள் தங்கும் புகலிடமாகவும் குறித்து வைத்திருந்தனர். மெல்லிய இடங்களில் மரவேர் ஊடுருவும் கூரையின்கீழ் அத்திட்டம் எவ்வளவு பயன்பட்டிருக்குமோ!

குகைகள் தனியார் நிலங்களுக்கு அடியில் ஓடுவது தனித் தொல்லை. மேலே வீட்டு மனைகள் பிரிக்கப்பட்டபின், தரையிலுள்ள துளைகள் சிலருக்குக் குப்பைக் குழியாகவும் கழிவு நீர்ப் போக்காகவும் பயன்படலாயின. நுண்துளை மிகுந்த பாறையினூடே அக்கழிவு நிலத்தடி நீரை அடையத் தடை யாதுமில்லை. 2002-இல் ஹவாய் மாநிலம் குகைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. குகையின் அமைப்புகளையும் உயிர்களையும் சிதைப்பதும், கழிவு கொட்டுவதும் அதன்படி குற்றமாகும். புதைவிடங்களுக்கு வேறு சட்டங்களும் காப்பளிக்கின்றன.

பார்வையாளருக்கெனத் திறக்கப்பட்டவற்றுள் புகழ் வாய்ந்தது, எரிமலைத் தேசியப் பூங்காவிலுள்ள நாஹுக்கு குகை. 1913-இல் பத்திரிகை அதிபர் லாரின் தர்ஸ்டன் கண்டறிந்து வெளிப்படுத்தியதால் தர்ஸ்டன் குகை என்றும் அது வழங்கி வந்தது. மின் விளக்கிட்ட அதனுள் முதியோரும் நடந்து செல்லலாம். 2018-இல் கிலாவேயாவின் உச்சி உள்வாங்கியபோது எழுந்த நிலநடுக்கங்களால் அது மூடப்பட்டது. கூரை சோதிக்கப்பட்டு 2020-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகள் நின்ற கூரையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று என்பதையே அந்த இடைவெளி உணர்த்தியது.

விளக்கில்லாத குகைகளில் நுழைவோர்க்கு அனுபவமுள்ளோர் கூறும் விதிகள் சிலவே. ஒவ்வொருவரிடமும் மூன்று தனித்தனி விளக்குகள் இருத்தல் வேண்டும். கைவிளக்கு ஒன்றே போதுமென நினைத்தவர்கள் அது அணைந்ததும் ஒரு முழமும் நகர இயலாது தவித்திருக்கின்றனர். தலைக் கவசம், கனத்த காலணி, கையுறை ஆகியன இன்றியமையாதன. உறைந்த எரிகுழம்பு கண்ணாடித் துண்டு போல் தோலைக் கீறும். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வெளியில் ஒருவரிடம் கூறிவிட்டே இறங்க வேண்டும். உள்ளே புகைபிடித்தலும் தீ மூட்டலும் ஆகா. காற்றோட்டமற்ற இடத்தில் அப்புகை தங்கி, ஓடிப்போக வழியற்ற உயிர்களை மாய்க்கும். தொங்கும் வேர்களை விலக்கக்கூடக் கை நீட்டாது, குனிந்தே கடத்தல் நலம்.

பூங்காப் பாதைகளின் தொடக்கத்தில் தூரிகையும் சாராயக் கரைசல் அடைத்த தெளிப்பானும் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். காலணியின் அடியில் ஒட்டிய மண்ணை முழுவதும் துடைத்தபின் கரைசலைத் தெளிக்க வேண்டும். மண்ணோடு சேர்த்துத் தெளித்தால் பூசணம் சாகாது. உள்ளே செல்லும்போது ஒரு முறையும், வெளியே வந்தபின் மறுமுறையும் இதனைச் செய்தல் வேண்டும்.